ஸ்பேர் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை, வெள்ளிக்கிழமை முகூர்த்தம், உதவி வேண்டும்

முகூர்த்த_ஃப்ரேம் | புதன், இரவு 9.40

அண்ணன்மார்களே, அவசரம். ஸ்பேர் பேட்டரி இரண்டும் மக்கர் பண்ணுகின்றன. ஒன்றை சார்ஜரில் போட்டால் ஆரஞ்சு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது, ஏறவே இல்லை. இன்னொன்று ஏறுகிறது, பச்சையும் வருகிறது, ஆனால் கேமராவில் போட்டால் கொஞ்ச நேரத்தில் படுத்துவிடுகிறது. அதிகம் பயன்படுத்தவே இல்லை. வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். ஏதாவது வழி சொல்லுங்கள். புதிதாக வாங்குவது என்றால் எதை வாங்குவது?

கோவை_ஷட்டர் | 9.52

என்ன கேமரா? என்ன பேட்டரி? கேமராவோடு வந்ததா, வெளியில் வாங்கியதா? இதையெல்லாம் சொன்னால்தானே ஏதாவது சொல்ல முடியும் தம்பி.

ஈரோடு_ஸ்டுடியோ | 9.58

எதுவாக இருந்தாலும் முதலில் முனைகளைத் துடைத்துப் பாருங்கள். பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்தத் தங்க நிறப் பட்டைகளை லேசாகத் தேய்த்து, தூள் உள்ளே போகாமல் உலர்ந்த துணியால் துடைக்கவும். சார்ஜர் பக்கத்து ஊசிகளையும் துடைக்கவும். மண்டபத்தில் சந்தனக் கையோடு பேட்டரி மாற்றுகிறோம், வியர்வை வேறு. பாதி பிரச்சினை அதில்தான் வரும்.

ஐஎஸ்ஓ_நூறு (மூத்த உறுப்பினர்) | 10.05

இது இங்கே எத்தனையோ தடவை பேசிய விஷயம். கேள்வி போடும் முன் பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். கேமராவோடு ஒரு கையேடு கொடுப்பார்கள். சார்ஜர் விளக்கு எப்படி மின்னினால் என்ன பொருள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதைப் படிக்காமல் கல்யாண வேலை ஒப்புக்கொள்வது வீட்டுக்காரர்களுக்குச் செய்யும் நியாயம் இல்லை.

முகூர்த்த_ஃப்ரேம் | 10.11

மன்னிக்கவும், கேனான் 80டி. கேமராவோடு வந்த பேட்டரி நன்றாக இருக்கிறது. ஸ்பேர் இரண்டும் ஆன்லைனில் வாங்கிய கம்பாட்டிபிள், அதாவது கேனானுக்குப் பொருந்தும்படி வேறு கம்பெனி செய்தவை. ரப்பர் போட்டுத் துடைத்துவிட்டேன், மாற்றம் இல்லை.

சாலிடர்_வாத்தியார் | 10.20

விளக்கு எப்படி மின்னுகிறது என்று சொல்லுங்கள், அதுதான் முக்கியம். 80டி-யோடு வரும் எல்சி-ஈ6 சார்ஜரில் நொடிக்கு ஒரு தடவை மின்னினால் பழுது இல்லை, பாதிக்கும் கீழே இருக்கிறது, ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பாதி தாண்டினால் இரண்டு இரண்டாக, முக்காலுக்கு மேல் மூன்று மூன்றாக மின்னும், முடிந்ததும் பச்சை. படபடவென்று வேகமாக அடித்தால்தான் சார்ஜர் பேட்டரியை ஏற்க மறுக்கிறது.

அப்புறம் இன்னொன்று. கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள்? எங்கே வைத்திருந்தீர்கள்? காலியாக வைத்தீர்களா, ஏற்றி வைத்தீர்களா?

முகூர்த்த_ஃப்ரேம் | 10.34

படபடவென்றுதான் அடிக்கிறது. சித்திரையில் ஒரு காதுகுத்து எடுத்தேன், அன்று தீர்ந்த பேட்டரிகளை அப்படியே பையில் போட்டு பீரோ மேல் வைத்துவிட்டேன். ஆடி முடிந்து இப்போதுதான் எடுக்கிறேன். மேல்மாடி ரூம், ஷீட் கூரை.

சாலிடர்_வாத்தியார் | 10.58

அப்படியானால் புரிகிறது. தீர்ந்த பேட்டரி அக்னி நட்சத்திரம் முழுக்க ஷீட் கூரைக்குக் கீழே கிடந்திருக்கிறது.

அந்தப் பேட்டரிக்குள் இரண்டு லித்தியம் செல்கள் தொடராக இருக்கின்றன. முழுதாக ஏறினால் செல்லுக்கு 4.2 வோல்ட், மொத்தம் 8.4. கேமரா 'காலி' என்று சொல்லும்போதும் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது வேண்டுமென்றே விட்டுவைப்பது. ஆனால் உள்ளே இருக்கும் சிப்பும் பாதுகாப்பு சர்க்யூட்டும் அந்த மிச்சத்தைச் சொட்டுச்சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். செல்லும் தானாகக் கொஞ்சம் இழக்கும், சூட்டில் இன்னும் வேகமாக. செல் 2.5 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் பாதுகாப்பு சர்க்யூட் இணைப்பைத் துண்டித்துவிடும். சார்ஜர் தொட்டுப் பார்க்கிறது, உள்ளே எதுவும் இல்லை, அதனால் படபடக்கிறது.

இரண்டாவது பேட்டரி அந்த எல்லைக்குப் போகாமல் தப்பியிருக்கிறது, ஆனால் கொள்ளளவு போய்விட்டது. செல்லின் உள்தடை (மின்சாரம் ஓடுவதற்கு உள்ளேயே இருக்கும் தடை) ஏறிவிட்டால் சார்ஜரில் சீக்கிரம் பச்சை வரும், கேமரா மின்சாரம் இழுத்த உடனே வோல்டேஜ் சரியும். நீங்கள் சொல்வது அச்சு அசலாக அதுதான். வீட்டில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் + − குறி போட்ட முனைகளில் வைத்து, பச்சை வந்ததும் எவ்வளவு, கேமராவில் படுத்ததும் எவ்வளவு என்று பாருங்கள்.

கைவைத்தியம் | 11.06

படபடக்கும் பேட்டரியை எழுப்பலாம் ப்ரோ. நல்ல பேட்டரியின் + முனையிலிருந்து இதன் + முனைக்கு ஒரு வயர், − முனைக்கு ஒரு வயர். கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு சார்ஜரில் போட்டால் ஏற ஆரம்பிக்கும். லேப்டாப் செல்லையே எழுப்பியிருக்கிறேன்.

சாலிடர்_வாத்தியார் | 11.15

தயவுசெய்து செய்யாதீர்கள். அதிகமாக இறங்கிய லித்தியம் செல்லில் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்ப சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். சார்ஜர் மறுப்பது அதனால்தான். எழுப்பிய பேட்டரி ஒரு மாதம் ஓடலாம், பந்தியில் பை ஓரமாக இருக்கும்போது புகையவும் செய்யலாம். லேப்டாப் செல்லில் ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்பி அடுத்தவர் வீட்டு மண்டபத்துக்கு அதை எடுத்துப் போகக் கூடாது.

கோவை_ஷட்டர் | 11.21

முதலில் வெள்ளிக்கிழமையைப் பார்ப்போம். கேமராவோடு வந்த அசல் பேட்டரி, எல்பி-ஈ6என், நன்றாக இருக்கிறது அல்லவா? அதன் கொள்ளளவு 1865 எம்ஏஎச். 80டி-யில் வியூஃபைண்டரில் கண் வைத்து எடுத்தால் சுமார் 960 படம் என்பது கேனான் கணக்கு, லைவ் வியூவில் சுமார் 300தான். எனவே திரையைப் பார்த்து எடுக்காதீர்கள், வைஃபை அணைத்துவிடுங்கள். காலியிலிருந்து முழுதாக ஏற இரண்டரை மணி நேரம் போதும், சார்ஜரைக் கையோடு மண்டபத்துக்குக் கொண்டு போங்கள்.

ஒன்றை இரவல் வாங்குவதும் எளிது. கேனானில் 60டி, 70டி, 6டி, 7டி, 5டி வரிசையில் மார்க் 2 முதல் வந்தவை, 90டி, ஆர்6, ஆர்7 எல்லாவற்றுக்கும் இதே உருவப் பேட்டரிதான். ஊரில் எந்த ஸ்டுடியோவில் கேட்டாலும் இருக்கும். வீடியோவும் நீங்கள்தான் எடுக்கிறீர்களா?

ஃபிலிம்_காலம் | வியாழன், காலை 6.15

ஃபிலிம் ரோலையெல்லாம் நாங்கள் ஃப்ரிட்ஜில்தான் வைப்போம், கெட்டதே இல்லை. பேட்டரிக்கும் அதுதான் சரி. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு காய்கறித் தட்டில் வைத்துவிடுங்கள்.

ஐஎஸ்ஓ_நூறு | 7.02

ஐயா, ஃபிலிமுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் சென்னைக் காற்றில் முத்து முத்தாக வேர்க்கும். அந்த ஈரம் முனையிலும் சர்க்யூட்டிலும் இறங்கினால் யார் பொறுப்பு? இப்படித்தான் புதியவர்கள் கெட்டுப் போகிறார்கள்.

ஃபிலிம்_காலம் | 7.20

ஃபிலிமையும் எடுத்த உடனே பிரிக்க மாட்டோம். டப்பாவோடு வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறப்போம். அதைச் சொல்லாமல் குறை சொல்லக் கூடாது.

சாலிடர்_வாத்தியார் | 7.41

ஐயா சொல்வதில் பாதி உண்மை. குளிர்ச்சி லித்தியத்துக்கு நல்லதுதான், பயம் ஈரத்தைப் பற்றி மட்டும். ஆனால் ஃப்ரிட்ஜ் வரை போகத் தேவையில்லை. பொதுவாகக் காட்டப்படும் கணக்கின்படி அரைவாசிக்குச் சற்றுக் குறைவாக ஏற்றி 25 டிகிரியில் ஒரு வருடம் வைத்தால் கொள்ளளவில் 4 சதவீதம் அளவுக்குத்தான் போகும். முழுதாக ஏற்றி 40 டிகிரியில் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கீழ்த்தளத்தில் வெயில் படாத அலமாரி போதும். அரை சார்ஜில், கேமராவிலிருந்து கழற்றி, முனையை மூடி வைக்கவும். சில மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் பாதிக்கு ஏற்றவும். வேலைக்கு முந்தைய நாள் முழுதாக ஏற்றிக்கொள்ளலாம்.

முழுதாகத் தீர்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியத்தில் அந்தப் பழக்கம் ஆயுளைக் குறைக்கும்.

துபாய்_டிரைபாட் | 8.30

சூடு பற்றி நான் சொல்கிறேன். இங்கே காருக்குள் பையை விட்டுப் போவதே இல்லை, பேட்டரியை மட்டும் கையில் எடுத்துக்கொள்வேன். ஊருக்கு விமானத்தில் வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஸ்பேர் பேட்டரி செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு) வரை பிரச்சினை இல்லை, 80டி பேட்டரி சுமார் 14 வாட்-அவர்தான். ஒவ்வொன்றுக்கும் மூடி போட்டிருக்க வேண்டும், சில்லறைக் காசு, சாவியோடு சேர்த்துப் போடாதீர்கள்.

ஈரோடு_ஸ்டுடியோ | 8.44

மூடி பற்றிச் சொன்னதால் சொல்கிறேன். அசல் எல்பி-ஈ6 மூடியில் பேட்டரி வடிவத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஒரு பக்கமாகப் போட்டால் அதன் வழியே நீலம் தெரியும், திருப்பிப் போட்டால் தெரியாது. நீலம் தெரிந்தால் ஏற்றியது, தெரியாவிட்டால் தீர்ந்தது. தாலி கட்டும் நேரத்தில் பையில் கை விட்டதும் எது ஏற்றியது என்று பார்த்த உடனே தெரியும். நிறையப் பேர் முதல் நாளே மூடியைத் தொலைத்துவிடுகிறார்கள்.

ஐஎஸ்ஓ_நூறு | 9.10

மூல காரணத்தை யாரும் சொல்லவில்லை. மலிவு பேட்டரி. அசல் வாங்கியிருந்தால் இந்த இழையே வந்திருக்காது. பல லட்சம் செலவு செய்து கல்யாணம் நடத்துகிறார்கள், பேட்டரியில் மிச்சம் பிடிக்கலாமா?

உதவி_கேமராமேன் | 9.35

சார், ஒரு அசல் வாங்கும் காசில் கம்பாட்டிபிள் மூன்று வரும். ஒரு நாள் கூலிக்குப் போகிறவன் என்ன செய்வான்? நான் வெளி கம்பெனி பேட்டரிதான் வைத்திருக்கிறேன், ஒழுங்காக ஓடுகிறது. அதே ஷீட் கூரையில் காலியாகக் கிடந்தால் அசலும்தான் போகும்.

ஐஎஸ்ஓ_நூறு | 9.48

உங்களுக்கு ஓடுகிறது என்பது ஆதாரம் ஆகாது. 'பேட்டரியோடு தொடர்பு சரியில்லை, இதில் கேனான் முத்திரை இருக்கிறதா' என்று கேமராவே கேட்கும். அது எதற்குக் கேட்கிறது என்று யோசியுங்கள்.

உதவி_கேமராமேன் | 9.55

கேட்கும், ஆமாம் என்று அழுத்தினால் ஓடும். மீதி எவ்வளவு என்று மட்டும் ஒழுங்காகக் காட்டாது. அதற்காக எங்களை ஏமாற்றுக்காரர்கள் மாதிரி பேச வேண்டாம்.

கோவை_ஷட்டர் | 10.20

இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். தன் பெயரிலேயே விற்கும் வெளி கம்பெனிப் பேட்டரி ஒரு வகை. கேனான் பெயரை ஒட்டி வரும் போலி வேறு வகை, அதுதான் ஆபத்து. அசலிலேயே எல்பி-ஈ6என்-க்கு அடுத்து வந்த எல்பி-ஈ6என்எச் 2130 எம்ஏஎச்தான். அதே உருவத்தில் அதைவிடப் பெரிய எண் போட்டு, விலையும் பாதிக்குப் பாதி என்றால் நம்பாதீர்கள். லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஐஎஸ் 16046 எண்ணும் இருக்கிறதா பாருங்கள், இந்தியாவில் லித்தியம் பேட்டரிக்கு அந்தப் பதிவு கட்டாயம்.

வாங்கியதும் அசலாக இருந்தால் மெனுவில் பேட்டரி தகவல் பக்கத்தைத் திறந்து ரீசார்ஜ் நிலையைப் பாருங்கள். மூன்று பச்சைக் கட்டம் இருக்க வேண்டும். ஒரே ஒரு சிவப்புக் கட்டம் என்றால் மாற்ற வேண்டிய பேட்டரி. சலுகை விலை என்று நாலைந்து வாங்கி அடுக்காதீர்கள், சும்மா இருந்தாலும் வயசாகும். ஒன்று அசல், ஒன்று நல்ல வெளி கம்பெனி, சுழற்சியில் பயன்படுத்துங்கள்.

முகூர்த்த_ஃப்ரேம் | சனி, மாலை 5.25

முகூர்த்தம் நன்றாக முடிந்தது. பக்கத்து ஸ்டுடியோ அண்ணன் 6டி பேட்டரி ஒன்று கொடுத்தார், அதுவும் என் அசலும் போதுமாக இருந்தது. படபடத்த பேட்டரி லேசாக உப்பியிருந்தது, பயன்படுத்தவில்லை. எல்லாருக்கும் நன்றி.

சாலிடர்_வாத்தியார் | சனி, இரவு 7.50

மகிழ்ச்சி. உப்பியதைக் குப்பையில் போடாதீர்கள், குத்தவும் வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். அதுவரை வீட்டுக்கு வெளியே, வெயில் படாமல், எரியும் பொருள் பக்கத்தில் இல்லாமல் மண் சட்டியில் வைக்கவும். இரண்டாவது பேட்டரியை மீட்டரில் பார்த்தீர்களா, எவ்வளவு காட்டியது?

கோவை_ஷட்டர் | ஞாயிறு, காலை 8.05

வீடியோ யார் எடுத்தார்கள் என்று கடைசி வரை சொல்லவில்லையே தம்பி.