சிஎஸ்வி இம்போர்ட்டில் தலைப்பு வரி படுத்தும் பாடு: உங்கள் அனுபவம் என்ன?

சிஎஸ்வி என்றால் மதிப்புகளைக் கமாவால் பிரித்து எழுதிய டெக்ஸ்ட் ஃபைல்; முதல் வரியில் பெரும்பாலும் நெடுவரிசைப் பெயர்கள் இருக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அந்த ஃபைலை ஏற்றும் காப்பி கட்டளையில் ஹெடர் என்று போட்டால், முதல் வரியிலுள்ள பெயர்களைப் பார்த்து டேட்டா அதனதன் இடத்தில் போய் உட்காரும் என்று நம்புகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அப்படி எதுவும் நடக்காது. அந்த வரியைத் தூக்கிப் போட்டுவிடும், அவ்வளவுதான். மீதியெல்லாம் வரிசைப்படிதான். ஒரு கிளையண்ட் வழக்கமாக அனுப்பும் ஃபைலில் பில்லிங் முகவரியும் டெலிவரி முகவரியும் இடம் மாறி வந்தன. இரண்டுமே டெக்ஸ்ட், எர்ரர் எங்கிருந்து வரும்? பில் போக வேண்டிய இடத்துக்குப் பொருள் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

15ஆம் பதிப்பிலிருந்து (2022) ஹெடர் மேட்ச் இருக்கிறது. பெயரோ வரிசையோ பிசகினால் இம்போர்ட்டே ஆகாது. ஆனால் சரிபார்ப்பதோடு சரி, மாற்றி அடுக்கித் தராது. ஃபைலில் உள்ள வரிசையிலேயே நெடுவரிசைப் பெயர்களை டேபிள் பெயருக்குப் பக்கத்தில் நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

—

மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸிலும் இதே கதைதான். இம்போர்ட் கட்டளையில் போடும் இக்னோர் 1 லைன்ஸ் முதல் வரியைத் தாண்டும், அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காது. தலைப்பே இல்லாத ஃபைலைக் கொடுத்தால் முதல் ரெக்கார்டு போயே போச்சு.

எஸ்கியூலைட் டேட்டாபேஸின் டாட் இம்போர்ட் கட்டளை இன்னும் வேடிக்கை. டேபிள் இல்லையென்றால் முதல் வரியை வைத்துத் தானே உருவாக்கிக்கொள்ளும். ஏற்கெனவே இருந்தால் அதே வரி டேட்டாவாக உள்ளே போய்விடும். முதல் நாள் ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட், மறுநாள் 'பெயர்' என்ற பெயரில் ஒரு வாடிக்கையாளரைச் சேர்த்து வைத்திருந்தது! டேபிள் ஏற்கெனவே இருக்கும்போது முதல் வரியைத் தாண்டச் சொல்லி ஸ்கிப் 1 கொடுத்தால் தீரும்.

—

பெயரைப் பார்த்துப் பொருத்தும்படி பைத்தானில் எழுதினால் வேறு தலைவலி. முதல் நெடுவரிசை 'ஐடி' என்று திரையில் தெளிவாகத் தெரியும். அப்படி ஒரு கீயே இல்லை என்று ஸ்கிரிப்ட் அடம்பிடிக்கும். எக்செல்லில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமித்தால் ஃபைலின் தலையில் பாம் என்ற 3 பைட் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் முதல் தலைப்போடு சேர்ந்துவிடும். மற்றதெல்லாம் சரியாக இருந்து முதலாவது மட்டும் முரண்டு பிடித்தால் பெரும்பாலும் இதுதான். ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள், அந்த 3 பைட்டை விட்டுவிட்டுப் படிக்கும்.

—

தமிழ்த் தலைப்புள்ள ஃபைல்களோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு ஒன்று. போஸ்ட்கிரெஸில் நெடுவரிசைப் பெயருக்கு 63 பைட்தான் இடம். தமிழில் 'ன' என்றால் 3 பைட். புள்ளி வைத்து 'ன்' ஆக்கினால் 6. எங்களுக்கு வந்த ஃபைலில் 'விண்ணப்பதாரரின்_தந்தை_பெயர்', 'விண்ணப்பதாரரின்_தந்தை_தொழில்' என்று இரண்டு. தலைப்பிலிருந்தே டேபிள் உருவாக்கும் ஸ்கிரிப்ட் ஓடியபோது இரண்டும் 'விண்ணப்பதாரரின்_தந்தை_' என்று வெட்டுப்பட்டு, ஒரே பெயர் இருமுறை வருகிறது என்று எர்ரர். வெட்டும்போது ஒரு நோட்டீஸ் வரும்தான், லாகில் அதை யார் படிக்கிறார்கள்? மைஎஸ்கியூஎல்லில் கணக்கு 64 எழுத்து என்பதால் இந்த நீளத்துக்கு அங்கே பிரச்சினை வராது.

இப்போதெல்லாம் டேபிளில் குட்டியாக ஆங்கிலப் பெயர், எந்தத் தமிழ்த் தலைப்பு எதற்கு என்று தனியாக ஒரு மேப்பிங் டேபிள். அதில் இல்லாத தலைப்பு வந்தால் ஃபைலை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறோம்.