மூன்று அம்ப்ளிபயர்களும் ஒரு பற்றரியும்: பியூஸ் எந்த இடத்தில் இருக்க வேண்டும்?

கல்லடியிலிருந்து:

கல்முனையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு இரவு திரும்பிக்கொண்டிருந்தோம். களுதாவளையைத் தாண்டிய இடத்தில், எனது கொரோலா 121 காருக்குள் ரப்பர் கருகும் மணம் எழுந்தது. பாட்டு ஒருமுறை திக்கி நின்றது, முன்விளக்குகள் மங்கின, இடது பக்கச் சீற்றின் கீழே விரிப்பிலிருந்து மெல்லிய புகை வந்தது. காரை ஓரங்கட்டிப் போனற்றைத் திறந்து, 10 மில்லிமீற்றர் ஸ்பானரால் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றிய பின்னரே புகை அடங்கியது. (அந்த ஸ்பானர் காரில் இருந்தது தற்செயல்தான். மச்சான் தனது சைக்கிளைத் திருத்தக் கேட்டு, நான் எடுத்து வைத்துக் கொடுக்க மறந்தது அது.)

மறுநாள் விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது காரணம் கண்முன்னே கிடந்தது. போனற்றுப் பக்கமிருந்து பிரதான வயர் உள்ளே வரும் தகரத் துளைக்கு ரப்பர் வளையம் போடப்பட்டிருக்கவில்லை. தகரத்தின் விளிம்பு இரண்டு வருடமாக வயரின் தோலைச் சிறிது சிறிதாக அறுத்து, உள்ளே இருந்த கம்பியைக் காரின் பொடியுடன் (பற்றரியின் நெகற்றிவ் முனை இணைந்திருக்கும் தகர உடலுடன்) சேர்த்துவிட்டது. பியூஸ் இல்லாமல் இல்லை. 80 அம்பியர் பியூஸ் ஒன்று அழகான கண்ணாடிப் பெட்டிக்குள் டிக்கியில், பாட்டின் சத்தத்தைப் பெருக்கும் அம்ப்ளிபயர்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு ஒரு கீறலும் இல்லை. எப்படி இருக்கும்? மின்னோட்டம் டிக்கி வரை போகவே இல்லை. பற்றரியிலிருந்து புறப்பட்டு, பாதி வழியில் பொடிக்குள் இறங்கித் திரும்பிவிட்டது. நேரடியாகக் குறுஞ்சுற்று ஏற்பட்டால் ஒரு கார் பற்றரி பல நூறு அம்பியர் தரும். அவ்வளவையும் தாங்க முடியாத வயர் அடுப்புக் கம்பியைப் போலச் சூடாகும்.

பியூஸ் அம்ப்ளிபயரைக் காப்பதற்கானது என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். அம்ப்ளிபயரின் காவலுக்கு அதன் பக்கவாட்டிலேயே சிறு பியூஸ்கள் இருக்கின்றன. பிரதான பியூஸ் காப்பது வயரை. ஆகவே அது வயர் தொடங்கும் இடத்தில், பற்றரியின் பொசிற்றிவ் முனையிலிருந்து அதிகம் போனால் 45 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். அதற்கு அப்பால் வைக்கப்படும் ஒவ்வோர் அடியும் காவலற்ற வயர்.

புதிதாக வயர் இழுக்கும்போது கணக்கையும் நானே போட்டுப் பார்த்தேன். பெட்டியில் அச்சடித்திருக்கும் 2000 வாற்ஸ் என்பதை மறந்துவிட்டு, கையேட்டிலுள்ள ஆர்.எம்.எஸ். அளவை, அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாற்ஸைத்தான் எடுக்க வேண்டும். சப்வூபருக்கான (ஆழ்ந்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) டி வகை அம்ப்ளிபயர் 500 வாற்ஸ். கதவு ஸ்பீக்கர்களுக்கான ஏபி வகை நான்கு சனல் (ஒலி வெளியீட்டு வழி) அம்ப்ளிபயர் 240. கடைசியாக நான் ஆசைப்பட்டுச் சேர்த்த இரண்டு சனல் அம்ப்ளிபயர், அதுவும் ஏபி வகை, 150. டி வகை ஏறத்தாழ 80 வீதத் திறனுடனும், ஏபி வகை 55 வீத அளவிலும் வேலை செய்கின்றன என்று வைத்தால், பற்றரியிலிருந்து இழுக்கப்படுவது 1330 வாற்ஸுக்குக் கிட்ட வரும். 13.5 வோல்ற்றால் பிரித்தால் 100 அம்பியர். பாட்டு எந்நேரமும் உச்சத்தில் ஒலிப்பதில்லை என்பதால் சராசரி இதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆனாலும் வயரை உச்சத்துக்கே தெரிவு செய்ய வேண்டும்.

பழைய வயர் 8 கேஜ் (எண் குறையக் குறைய வயர் தடிக்கும்), அதுவும் செப்புப் பூசிய அலுமினியம். ஒரு கம்பியைப் பிளேட்டால் சுரண்டினேன். உள்ளே வெள்ளையாக இருந்தது. ஐந்து மீற்றர் நீளத்தில் அந்த வயர் 100 அம்பியருக்கு ஒன்றரை வோல்ற்றுக்கு மேல் விழுங்கிவிடும். இப்போது போட்டிருக்கும் 4 கேஜ் முழுச் செப்பு வயரில், அதாவது 21 சதுர மில்லிமீற்றரில், இழப்பு 0.4 வோல்ற்று அளவுதான்.

மூன்று அம்ப்ளிபயர்களிலும் உள்ள பியூஸ்களைக் கூட்டினால் 60, 40, 25 என 125 அம்பியர் வருகிறது. பற்றரிப் பக்கத்தில் நான் போட்டது 100. கூட்டுத்தொகைக்குச் சமமாகப் போட வேண்டும் என்று பலர் சொன்னார்கள், நான் ஏற்கவில்லை. பிரதான பியூஸ் வயரின் தாங்குதிறனைத் தாண்டக் கூடாது. குறைவாக இருந்தால் நட்டம் ஒன்றுமில்லை, மிஞ்சிப் போனால் ஒரு பியூஸ் எரிந்து போகும், அவ்வளவுதான். டிக்கியில் 4 கேஜ் வயர் மூன்று 8 கேஜ் வயர்களாகப் பிரியும் பெட்டியில், ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியே பியூஸ் வைத்தேன். வயர் மெலியும் இடத்தில் புதிய பியூஸ் வேண்டும். ஏனெனில் 100 அம்பியர் பியூஸ் போவதற்கு முன்பே மெல்லிய கிளை வயர் எரிந்துவிடும்.

காத்தான்குடியிலிருந்து:

கல்லடி நண்பர் எழுதியதைப் படித்தபோது என் வான் வண்டியின் கதை நினைவுக்கு வந்தது. என்னுடையது எதிர்த்திசையில் நடந்த பிழை. பியூஸ் சரியான இடத்தில் இருந்து தன் வேலையைச் செய்தது. நான்தான் அதை நம்பவில்லை. நான்கு சனல் அம்ப்ளிபயரின் பச்சை நிற 30 அம்பியர் பியூஸ் வாரத்துக்கு ஒன்று போனது. செம்மஞ்சள் நிற 40 போட்டேன். அதுவும் போனபோது, கராஜில் நின்ற ஒரு பொடியன் செப்புக் கம்பியைச் சுற்றித் தந்தான், நானும் மறுக்கவில்லை. மூன்றாம் நாள் பியூஸ் தாங்கியின் பிளாஸ்ரிக் உருகி, மெழுகுதிரி போல வழிந்திருந்தது.

பிறகு மல்ரிமீற்றருடன் வந்த காக்கா (அண்ணன்) ஒருவர் ஐந்து நிமிடத்தில் குறையைக் கண்டுபிடித்தார். 4 ஓம் தடையுள்ள சப்வூபர்கள் இரண்டைச் சமாந்தரமாக இணைத்து, அம்ப்ளிபயரின் இரண்டு சனல்களைச் சேர்த்து ஓட்டியிருந்தேன். அப்படிச் சேர்த்தால் அந்த அம்ப்ளிபயர் 4 ஓமுக்குக் குறையாத சுமையைத்தான் தாங்கும். நான் கொடுத்தது 2 ஓம், தடை குறைந்ததால் மின்னோட்டம் கூடிவிட்டது. தொடராக மாற்றி 8 ஓமாக்கியதும் சத்தம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அதே 30 அம்பியர் பியூஸ் இன்றுவரை நிற்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து:

பொசிற்றிவ் வயரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் கடற்காற்று கெடுப்பது, அம்ப்ளிபயரைக் காரின் பொடியுடன் இணைக்கும் ஏர்த் வயரைத்தான். எனது காரில் இரண்டு அம்ப்ளிபயர்கள் இரண்டு வெவ்வேறு போல்ட்டுகளில் ஏர்த் செய்யப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று வண்ணப்பூச்சின் மேலேயே முறுக்கப்பட்டு, உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது. என்ஜின் வேகம் ஏற ஏற ஸ்பீக்கரில் ஒரு சிணுங்கலும் ஏறியது. இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, தகரம் வெளுக்கும்வரை உரசி, முறுக்கிய பின் மேலே கிறீஸ் பூசினேன். சிணுங்கல் நின்றுவிட்டது. ஏர்த் வயரும் பொசிற்றிவ் வயரின் அதே பருமனில், இயன்றவரை குட்டையாக இருக்க வேண்டும். சீற் பெல்ற் போல்ட்டில் மாட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன். உயிரைக் காக்கும் போல்ட்டைத் தொடாதீர்கள்.

கல்லடி அண்ணனிடம் ஒரு கேள்வி. மூன்றாவது அம்ப்ளிபயரையும் பூட்டினால், செற்றிலிருந்து (முன்பக்கத்தில் பாட்டுப் போடும் கருவி) வரும், அம்ப்ளிபயரை இயங்கச் சொல்லும் நீல வெள்ளை ரிமோட் வயர் ஒன்றே மூன்றையும் இயக்குமா?

கல்லடியிலிருந்து:

தம்பி, இயக்கலாம், ஆனால் அந்த வயரால் ஓர் அம்பியரைக்கூட முழுதாகத் தர முடியாது. அம்ப்ளிபயர்களுடன் குளிர்விக்கும் விசிறியையும் அதிலேயே கொழுவி, செற்றின் வெளியீட்டை எரித்தவர்களை எனக்குத் தெரியும். நான்கு கால் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒன்று போடுங்கள். அதன் கால்களில் எண்கள் இருக்கும். ரிமோட் வயர் 85க்கும், ஏர்த் 86க்கும் போகட்டும். 30க்குப் பற்றரியிலிருந்து 5 அம்பியர் பியூஸ் வழியாக மின்சாரம் கொடுங்கள். 87இலிருந்து மூன்று அம்ப்ளிபயர்களுக்கும் பிரியுங்கள். வேலை தொடங்குமுன் நெகற்றிவ் முனையைக் கழற்றுங்கள். எல்லாம் முடிந்து இருபது நிமிடம் சத்தமாக ஓடவிட்ட பின், செற்றை நிறுத்திவிட்டு, பற்றரிப் பக்கத்துப் பியூஸ் தாங்கியைக் கையால் தொட்டுப் பாருங்கள். என்னுடையது முதல் தடவை கை வைக்க முடியாமல் சுட்டது. வயரை இறுக்கும் திருகாணி அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது.