குழாய் சரி, சுவருக்குள் நாமே கை வைக்கலாமா?

புதுவீடு:
மூன்று வேலை சேர்ந்துவிட்டது. சமையலறைக் குழாய் மூடிய பிறகும் சொட்டுகிறது. படுக்கையறையில் குளியலறையை ஒட்டிய சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் உப்பி உதிர்கிறது. சுரண்டினால் உள்ளே வெள்ளையாக மாவு மாதிரி வருகிறது. அப்புறம் அதே அறையில் ஹீட்டருக்கு ஒரு பிளக் பாயின்ட் வேண்டும். பக்கத்து லைட் ஸ்விட்ச் போர்டிலிருந்து ஒயர் இழுத்துவிடலாம் என்று யோசனை. ட்ரில், ஸ்பேனர் எல்லாம் கையில் இருக்கிறது. நானே செய்யலாமா, ஆளைக் கூப்பிடவா?

தானேசெய்:
தாராளமாகச் செய்யுங்கள். ஒரு வாசர் மாற்ற ஆளைத் தேடி, அவர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து, கடைசியில் வந்து "முழுக் குழாயையே மாத்தணும்" என்பார். மெயின் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். கைப்பிடிக்கு உள்ளே சுழலும் தண்டை, அதாவது ஸ்பிண்டிலைக் கழற்றினால் அடியில் ரப்பர் வாசர் தேய்ந்திருக்கும், அதே அளவில் புதிது போட்டால் முடிந்தது. சுவருக்குப் பட்டி, பிரைமர், ஈரம் தாங்கும் பெயின்ட். பிளக் பாயின்ட் என்பது இரண்டு ஒயர், நாலு ஸ்க்ரூ. வீடியோ பார்த்தால் எல்லாம் வரும்.

மின்கம்பி:
குழாயோடு நிறுத்தியிருக்கலாம் தம்பி. "இரண்டு ஒயர்" என்கிறீர்களே, எர்த் எங்கே போனது?

தொழிலே இதுதான் என்பதால் சொல்கிறேன். லைட் லைனில் பெரும்பாலும் 1.5 சதுர மி.மீ. ஒயர் ஓடும். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அந்த லைனுக்கு 6 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் ஸ்விட்ச்) போட்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் ட்ரிப் ஆகும். உடனே என்ன செய்வார்கள்? 20 ஆம்பியர் எம்சிபி வாங்கி மாட்டுவார்கள். ட்ரிப் நின்றுவிடும், எல்லாரும் சந்தோஷம். எம்சிபி இருப்பது ஒயரைக் காப்பாற்ற. ஒயர் தாங்குவதைவிடப் பெரியதாகப் போட்டால் அது பேசாமல் வேடிக்கை பார்க்கும், சுவருக்குள் ஒயர் சுடும்.

தானேசெய்:
சரி அண்ணா. அப்படியென்றால் 2.5 அல்லது 4 சதுர மி.மீ. ஒயரில் தனி லைன், எர்த்தோடு இழுத்து, 16 ஆம்பியர் எம்சிபி. பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதை நான் செய்தால் கரண்ட் ஓடாதா? காசு வாங்கிக்கொண்டு செய்கிறவருக்கு அடுத்த வீடு காத்திருக்கிறது. எனக்கு இந்த ஒரு வீடுதான். ஒயரின் தோலைச் சரியாக உரித்து, ஸ்க்ரூவை நிதானமாக இறுக்க எனக்கு நேரம் இருக்கிறது. கவனமாகச் செய்யும் வீட்டுக்காரரா, அவசரத்தில் இருக்கும் தொழிலாளியா?

மின்கம்பி:
கவனம் நல்லதுதான், ஆனால் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே. லூஸ் கனெக்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் கரண்ட் அளவு கூடாது, எம்சிபிக்குத் தெரியாது. பூமிக்குக் கசிவும் இல்லை, கசிவைக் கண்டால் கரண்டை நிறுத்துகிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபிக்கும் தெரியாது. அந்த முனை மட்டும் சூடாகும், ஆறும், மறுபடி சூடாகும், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தளரும். முதலில் பிளக்கைச் சுற்றி லேசாக மஞ்சள் தட்டும். அப்புறம் கருகல் வாசனை. முதல் நாள் ஹீட்டர் வேலை செய்ததே, அதனால் கனெக்ஷன் சரி என்று அர்த்தம் இல்லை.

இன்னொன்று, டெஸ்டர் விளக்கு எரியவில்லை என்று ஒயரைத் தொடாதீர்கள். டெஸ்டரே கெட்டுப்போயிருக்கலாம். கரண்ட் இருக்கிற ஓரிடத்தில் முதலில் வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் இங்கே. பல நாடுகளில் புது லைன் இழுக்க உரிமம் உள்ளவர்தான் வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால் அதையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நீலவானம்:
இரண்டு பேரும் யார் கெட்டிக்காரர் என்பதையே பேசுகிறீர்கள். என் வீட்டில் முக்கால்வாசி வேலை நான்தான் செய்கிறேன், ஆனால் தொடுவதற்கு முன் பார்ப்பது ஒன்றுதான்: தப்பாகச் செய்தால் அது எனக்கு எப்போது தெரியும்?

குழாய் வேலையில் அன்றைக்கே தெரிந்துவிடும். வால்வை மெதுவாகத் திறந்து, ஜாயின்ட்டைத் துணியால் துடைத்துவிட்டு, அடியில் ஒரு காய்ந்த டிஷ்யூவை வைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு காகிதத்தில் வட்டமாகத் தெரியும். டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போதே பிரிந்துகொண்டு வரும். பிளாஸ்டிக் மரையை ஸ்பேனரால் முரட்டுத்தனமாக முடுக்காதீர்கள், விரிசல் விடும். அப்புறம், கால் சுற்றில் திறக்கிற குழாயாக இருந்தால் அதில் ரப்பர் வாசரே இருக்காது, உள்ளே பீங்கான் தகடு வைத்த கார்ட்ரிட்ஜ். பழையதைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அலமாரி மாட்டுவது, பெயின்ட், கதவுக் கீல் எல்லாம் இதே கணக்கில் தைரியமாகச் செய்யலாம். சுவருக்குள் மூடிப் பூசுகிற எதுவும் இந்தக் கணக்கில் வராது. ஹீட்டர் பாயின்ட் அந்த வகை.

தானேசெய்:
அக்கா, அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஆள் வைத்துச் செய்தாலும் தப்பு அப்போதே தெரியாதே. சுவருக்குள் அவர் என்ன செய்தார் என்று யார் பார்த்தது?

நீலவானம்:
அதனால்தான் மூடிப் பூசுவதற்கு முன்னால் வந்து பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். நாளைக்கு ஆணி அடிக்கும்போதும் உதவும். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான்.

கரணை:
ஹீட்டருக்கு இவ்வளவு சண்டை, சுவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொத்து வேலையில்தான் என் தலை நரைத்தது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அந்த வெள்ளை மாவு உப்பு. சுவருக்குள் போன தண்ணீர் செங்கல்லிலும் சிமென்ட்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். தண்ணீர் காற்றில் போய்விடும், உப்பு பெயின்ட்டுக்கு அடியில் பூத்துத் தள்ளும். தண்ணீரை நிறுத்தாமல் பட்டி, ஈரம் தாங்கும் பெயின்ட் என்று மேலே மேலே போட்டால் அதுவும் சேர்ந்து உதிரும், இல்லை ஈரம் நகர்ந்து பக்கத்தில் கிளம்பும். தம்பி சொன்ன வைத்தியம் அடுத்த மழைக்குள் கீழே கிடக்கும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எல்லாச் சுவரிலும் இதே உயரத்தில் ஈரம் இருந்தால் அது தரையிலிருந்து ஏறுவதாக இருக்கலாம். இந்த ஒரு சுவர் மட்டும் என்றால் குளியலறை மேல்தான் சந்தேகம். உதிர்ந்த இடத்தைச் சுரண்டிவிட்டு, பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு பக்கமும் டேப் ஒட்டிக் காற்றுப் புகாமல் மூடுங்கள். மறுநாள் பாருங்கள். தாளின் சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும்.

உள்ளிருந்துதான் என்றால், எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டர் நகர்கிறதா என்று பாருங்கள். தொட்டித் தண்ணீர் என்றால், ஏறுவதை நிறுத்திவிட்டு மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள். நகர்ந்தாலோ இறங்கினாலோ தண்ணீர் வரும் பைப்பில் கசிவு. இல்லையென்றால் தரையோ, கழிவு நீர் போகும் பைப்போ.

தானேசெய்:
ஐயா, இது எல்லாமே வீட்டுக்காரரே செய்கிற வேலைதானே! என் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறீர்கள்.

கரணை:
ஆமாம், இதில் உங்கள் கட்சிதான். காரணம் கண்டுபிடிக்கிற வேலைக்கு ஒரு ராத்திரி காத்திருக்க வேண்டும், வந்து போகிற ஆள் அதற்கு நிற்க மாட்டான். வந்ததும் "டைல்ஸை உடைக்கணும்" என்பான். வீட்டில் இருப்பவரால்தான் காத்திருந்து பார்க்க முடியும்.

புதுவீடு:
எல்லாரும் சொன்னபடி செய்து பார்த்தேன். குழாயில் வாசரே இல்லை, கார்ட்ரிட்ஜ்தான். மாற்றிவிட்டேன், அடியில் வைத்த டிஷ்யூ காய்ந்தே இருக்கிறது. பிளாஸ்டிக் தாளின் சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். மீட்டர் அசையவில்லை. மற்ற சுவர்கள் நன்றாக இருக்கின்றன. அடுத்து என்ன ஐயா?

கரணை:
குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையைத் துணி வைத்து நன்றாக அடையுங்கள். இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, 24 மணி நேரம் விடுங்கள். ஆவியாகிப் போவது ரொம்பக் கொஞ்சம். நன்றாக இறங்கினால் தரைதான். இறங்கவில்லை என்றால் கழிவு நீர்ப் பைப்பைப் பாருங்கள்.

மின்கம்பி:
ஒன்று கேட்க விட்டுப்போனது. ஹீட்டர் பாயின்ட் எந்தச் சுவரில்?

புதுவீடு:
அதே சுவர்தான். ஸ்விட்ச் போர்டு அங்கேதான் இருக்கிறது.

மின்கம்பி:
நினைத்தேன். யார் செய்தாலும் சரி, அந்தச் சுவர் காயும்வரை புதிதாக எதுவும் அதில் வேண்டாம். எதிர்ச் சுவருக்குத் தனி லைன் கேளுங்கள். ஏற்கெனவே அங்கே இருக்கிற போர்டில் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று வருகிறவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

தானேசெய்:
இதற்கு மட்டும் எதிர்ப்பு இல்லை. ஆனால் தரையில் கசிவு என்றால் உடனே டைல்ஸை உடைக்க வேண்டாம் ஐயா. டைல்ஸ் இடுக்கை அடைத்திருக்கும் பழைய பூச்சை, அதாவது க்ரௌட்டைச் சுரண்டிவிட்டு எபாக்சி க்ரௌட் போட்டால் நிற்காதா?

கரணை:
சில இடத்தில் நிற்கும். சாதாரண சிமென்ட் க்ரௌட் தண்ணீரை உறிஞ்சும், எபாக்சி உறிஞ்சாது. ஆனால் டைல்ஸுக்கு அடியில் ஈரம் இருக்கும்போதே போட்டால் உள்ளே இருப்பது வெளியேற வழியில்லாமல் சுவர்ப் பக்கம்தான் திரும்பும். குளியலறையை நன்றாகக் காயவிட்டுப் போட்டுப் பாருங்கள், பலித்தால் உடைப்பு மிச்சம்.

புதுவீடு:
அதுவரை படுக்கையறைச் சுவரை அப்படியே விடுவதா? பார்க்கவே கண்ணராவியாக இருக்கிறது.

கரணை:
உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், காய்ந்த பிரஷ்ஷால் தட்டி வாருங்கள். கசிவு நின்ற பிறகும் சுவர் காய மாதக்கணக்கில் ஆகும், பட்டி அதற்கப்புறம்தான். அலமாரியைத் தள்ளி வைத்து மறைத்துவிடாதீர்கள், காற்றுப் பட வேண்டும். விருந்தாளி வந்தால் அந்த அறைக் கதவைச் சாத்திவிடுங்கள்.