சிக்னல் டைமிங் கேம் பண்றேன், ஸ்கோர் எப்படி வைக்கிறது? ஹெல்ப் பண்ணுங்க

வணக்கம் மக்களே, ஃபோல்டிட்னு புரோட்டீனை மடிச்சு வடிவம் கண்டுபிடிக்கிற கேம் ஞாபகம் இருக்கா, 2008ல வாஷிங்டன் யூனிவர்சிட்டி விட்டது, சும்மா விளையாடினவங்களே 2011ல ஒரு வைரஸ் என்சைமோட வடிவத்தைக் கண்டுபிடிக்க உதவுனாங்களே, அதே மாதிரி டிராஃபிக் சிக்னலுக்கு ஒண்ணு பண்ணலாம்னு இறங்கிட்டேன். ஆளுக்கு ஒரு ஜங்ஷன், பச்சை எத்தனை செகண்ட்னு அவங்களே மாத்தணும், நல்லா வர்ற டைமிங்கை எல்லாம் சேர்த்து வைப்பேன்.

பின்னாடி ஓடறது சுமோ (டாடா சுமோ இல்லைங்க, ஜெர்மனிக்காரங்களோட ஓப்பன் சோர்ஸ் டிராஃபிக் சிமுலேட்டர்). மேப் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல இருந்து.

ஒப்பிட்டுப் பாக்க வெப்ஸ்டரோட 1958 ஃபார்முலா போட்டேன், சிக்னல் ஒரு முழு சுற்று (சைக்கிள்) எத்தனை செகண்ட் இருக்கணும்னு சொல்றது. 1.5 பெருக்கல் வீணாகிற நேரம் (சிக்னல் மாறும்போது வண்டி போகாம போற செகண்ட்), கூட்டல் 5, அதை 1 கழித்தல் ஃப்ளோ ரேஷியோவால (ஒவ்வொரு பச்சைக்கும் வர்ற வண்டியை, பச்சையே இருந்தா போகக்கூடிய வண்டியால வகுத்துக் கூட்டினது) வகுக்கணும். வீணாகிற நேரம் 12 செகண்ட், ரேஷியோ 0.7ன்னா சைக்கிள் 77 செகண்ட் வருது, 0.9 ஆனா 230! அந்த வெயில்ல எவன் நிப்பான்?

இப்ப சிக்கல் என்னன்னா ஸ்கோர். சராசரி வெயிட்டிங் டைம் மட்டும் வச்சா, விளையாடறவங்க மெயின் ரோட்டுக்கே பச்சையைக் கொடுத்துட்டு சந்துல நிக்கிறவனை மறந்துடறாங்க, நடந்து போறவங்க கதி அதைவிட மோசம். அதிகபட்ச வெயிட்டிங்கையும் சேர்த்தா சரியாகுமா, இல்ல பஸ்ஸுல 50 பேர்னு ஆள் கணக்கு வைக்கணுமா?

அப்புறம் டூவீலர் கேப்புல புகுந்து முன்னாடி வர்றதுக்கு சுமோல சப்லேன் மாடல் (ஒரே லேன்ல பக்கத்து பக்கத்துல வண்டி போக விடறது) ஆன் பண்ணேன், லேப்டாப் திணறுது. இதுல கை வச்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கப்பா.