‘முறைசார் மாதிரி’ வேண்டாம், ‘திட்பவுரு’ என்போம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பொதிகணினி (கருவிகளுக்குள் பொதிந்து அவற்றை இயக்கும் கணினி) வடிவமைப்புக்கான சொற்பட்டியலின் வரைவைப் பார்த்தேன். ‘மறுபயன்பாடு’ என்று போட்டிருக்கிறீர்கள். பயனீட்டாளர் சங்கத்தால் பெயர்பெற்ற பினாங்கில் ‘மறுபயனீடு’தான் நாவில் நிற்கிறது. எது வந்தாலும் எனக்கு மறுப்பில்லை. ஓர் அமைப்பின் உறுப்புப் பகுதிக்கு நீங்கள் தந்த ‘கூறு’ம் சரியே. ‘பாகம்’ என்றால் இங்குள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் கையில் எடுத்துப் பார்க்கும் உதிரிப்பொருளைத்தான் நினைப்பார்கள்.

என் மறுப்பெல்லாம் ‘formal model’ என்பதற்கு நீங்கள் தந்த ‘முறைசார் மாதிரி’யோடுதான். ‘மாதிரி’ என்றதும் மாதிரி வினாத்தாள் முன்னே வந்து நிற்கிறது. ‘முறைசார்’ என்றதும் பள்ளிக்கல்வியும் முத்திரை குத்திய ஆவணமும். இத்துறை சொல்வதோ வேறு. ஒரு கூறு எந்தெந்த நிலைகளில் இருக்கலாம், எந்த உள்ளீட்டுக்கு எங்கே மாறும், எவ்வளவு நேரத்துக்குள் மாறும் என்பதை ஒரே பொருள் தரும் குறிகளால் எழுதி, அது எங்காவது தவறுமா என்று கணினியையே தேடவிடுவது. கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் என்ற கணினி அறிஞர் மூவருக்கும் கணினித் துறையின் உயரிய பரிசான டூரிங் விருது 2007ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது இந்தத் தேடலை வளர்த்ததற்காக.

இப்படி எழுதுவது ஏன் தேவை என்பதற்கு ஓர் உதாரணம். பழையதுதான், ஆனால் இதைவிடப் பொருத்தமானது கிடைக்கவில்லை. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் 40 வினாடி ஆவதற்குள் சிதறியது. ஏரியான் 4இல் பழுதின்றி ஓடிய திசையறி நிரலை அதில் மறுபடியும் பயன்படுத்தியிருந்தார்கள். கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 பிட்டிலிருந்து 16 பிட்டுக்குச் சுருக்கும் வரி அதில் இருந்தது. கூட்டல், கழித்தல் குறியோடு எழுதும் முழு எண்ணுக்கு 16 பிட்டில் கொள்ளும் உச்சம் 32,767. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எல்லை வராது. புதியது வேகமாகப் பாய்ந்து தாண்டிவிட்டது. மாற்றாக வைத்த கணினியிலும் அதே நிரல், அதே முடிவு. எரிச்சலூட்டும் செய்தி என்னவென்றால், மேலெழும்பிய பிறகு அந்தக் கணக்கே ஏரியான் 5க்குத் தேவையில்லை!

‘இந்த எண் 32,767ஐத் தாண்டாது’ என்ற எடுகோள் கூறின் இடைமுகத்தில் (மற்றவற்றோடு அது இணையும் இடத்தின் விளக்கத்தில்) எழுதப்படவில்லை. எழுதியிருந்தால், புதிய பாதையை எதிரே வைத்து ஏவுவதற்கு முன்பே சோதித்திருக்கலாம்.

ஆகவே ‘திட்பவுரு’ என்கிறேன். சூத்திரத்துக்கு நன்னூல் கேட்பது ‘திட்ப நுட்பம்’. சுருக்கமும் ஐயமற்ற உறுதியும் ஒருசேர வேண்டும் என்பதுதானே இங்கும் தேவை? முதலில் ‘வரையுரு’ என்று எண்ணினேன். ஆனால் அதோடு குழம்பக்கூடிய ‘வரியுரு’ ஏற்கெனவே எழுத்துக்குறிக்குப் போய்விட்டது.

பாயான் லெப்பாஸிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

சொற்பட்டியல் குழுவிலிருந்து எழுதுகிறேன். கோலாலம்பூரில் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் ஓர் அச்சம். மாணவர்கள் ‘திட்பவுரு’வைத் ‘திட்டவுரு’ என்று வாசிப்பார்கள். நாளிதழைத் திறந்தால் பத்திக்குப் பத்தி ‘திட்டம்’தான். ஆனால் ‘வினைத்திட்பம்’ குறளில் ஓர் அதிகாரமாகவே இருக்கிறது, அதைக் காட்டிச் சமாளித்துக்கொள்கிறேன். ‘திட்பவுருவாக்கம்’ மட்டும் வாயில் நுழையாது. ‘திட்பவுரு வரைதல்’ என்று பிரித்துவிடலாமே.

எடுகோள் இல்லாத விளக்கத்தை நான் ஏற்கமாட்டேன். பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன், மறுப்பிருந்தால் எழுதுங்கள்:

திட்பவுரு: ஒரு கூறின் நிலைகள், மாற்றங்கள், கால வரம்புகள் ஆகியவற்றையும், அது தன் சூழலைப் பற்றிக் கொண்டுள்ள எடுகோள்களையும் ஒருபொருட் குறிகளால் எழுதிய, கணினியால் சரிபார்க்கத்தக்க விளக்கம்.