ரிச்தோஃபனின் பிளேன் அடிப்பக்கமும் சிவப்பா?

வெள்ளவத்தைப் பெடியன்:
அண்ணாமார், முதலாம் உலகப் போரின் ஜெர்மன் விமானி ரிச்தோஃபன் ஓட்டின ஃபோக்கர் மூவிறக்கை விமானத்தின் மாதிரி ஒன்றை 72க்கு 1 அளவில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், விமான எண் 425/17. பெட்டிப் படத்தில் முழுக்கச் சிவப்பு, உள்ளே வந்த தாளிலோ அடிப்பக்கம் வெளிர்நீலம். ஜெர்மன் விமானங்களுக்குப் போடும் சிலுவைக் குறியும் இரண்டு விதமாகக் கிடக்கிறது. எதை நம்ப?

பழைய பசை:
படத்தை நம்புங்கோ தம்பி. வெளிர்நீல அடிப்பக்கமும் மேலே கோடுகோடாய் ஆலிவ் பச்சையும் சாதாரண மூவிறக்கைகளுக்கு, 425/17 மேலும் கீழும் சிவப்பு, வால் சுக்கான் மட்டும் வெள்ளை. சிலுவைக்கு எந்த நாள் என்று முதலில் முடிவெடுங்கோ. 1918 மார்ச்சில் வளைந்த சிலுவையை விட்டு நேர்க்கோட்டுச் சிலுவை போடச் சொல்லி உத்தரவு வந்தது, அதனால் ஏப்ரல் 21, அவர் விழுந்த நாள் என்றால் நேர்ச்சிலுவைதான்.

கொட்டாஞ்சேனை:
எல்லோரும் இந்த மூவிறக்கையையே கட்டுகிறார்கள்! அவர் வீழ்த்திய 80 விமானங்களில் கால்வாசி அளவுதான் இதில், பெரும்பாலானவை அல்பட்ரோஸ் என்ற இன்னொரு வகை விமானத்தில். சிவப்பு அடிக்கத் தொடங்கியதும் 1917இல் அதில்தான்.

அப்புறம், மழை நாளில் ஸ்பிரே அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் சிவப்பு வெள்ளையாய்ப் பூத்துவிடும்.

வெள்ளவத்தைப் பெடியன்:
ஐயோ, நேற்றுப் பின்னேரம் பல்கனியில் அடித்துவிட்டேன் அண்ணை. மேல் இறக்கை இப்போது மாவு பூசினது போல நிற்கிறது.

பழைய பசை:
காயட்டும். வெயில் நாளில் இன்னொரு மெல்லிய பூச்சு அடியுங்கோ, பெரும்பாலும் மறைந்துவிடும்.