மார்ச் அப்டேட்டுக்குப் பிறகு எங்கட சைட் கூகிள்ல பின்னுக்குப் போட்டுது, என்ன செய்யிறது?

கொக்குவில்_அடுப்படி (2024 மே 6)

வணக்கம். நான் கொக்குவில்ல இருந்து ஒரு சின்ன சைட் நடத்திறன், 2019 ல தொடங்கினது. எங்கட ஊர்ச் சமையல் எழுதுறதும், அம்மா செய்யிற மிளகாய்த்தூள், பனங்கிழங்கில எடுக்கிற ஒடியல் மா, புழுக்கொடியல் எல்லாம் வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்கு அனுப்புறதும்தான் வேலை. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ்ல இருக்கிற ஆக்கள் கூகிள்ல தேடித்தான் வருவினம். ஒரு நாளைக்கு 300 கிளிக் மட்டில வந்தது, மார்ச் நடுவில இருந்து குறைஞ்சு குறைஞ்சு இப்ப 70, 80 தான். ஒடியல் கூழ் எண்டு தேடினா முதல் மூண்டுக்குள்ள நிண்ட பக்கம் இப்ப மூண்டாம் பக்கத்தில கிடக்கு.

நான் அந்தப் பக்கத்தில ஒரு எழுத்தும் மாத்தேல்லை. போன கார்த்திகையில மட்டும், எஸ்இஓ, அதாவது கூகிள்ல முன்னுக்கு வரப்பண்ணுற வேலை, செய்து தாறம் எண்ட ஒரு கொம்பனிக்குக் காசு குடுத்தனான், அவை ரெண்டு மாசத்தில 180 கட்டுரை போட்டுத் தந்தவை. இப்ப கேட்டா அல்கோரிதம் மாறிட்டுது, இன்னும் 100 கட்டுரை போடவேணும், தீமும் (சைட்டின்ர தோற்றம்) மாத்தவேணும் எண்டினம். மாசம் வாற ஓடரில பாதி இல்லை, அம்மாவுக்கு என்ன சொல்லுறது எண்டே தெரியேல்லை. ஆருக்கும் இப்பிடி நடந்ததோ?

பருத்தித்துறை_வெப் (2024 மே 6)

தங்கச்சி, முதல்ல ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ, காசும் குடுக்காதேங்கோ. மார்ச் 5 ல கூகிள் ஒரு பெரிய கோர் அப்டேட் (பக்கங்களை வரிசைப்படுத்திற முறையையே மாத்திறது) தொடங்கி ஏப்ரல் 19 மட்டும் 45 நாள் ஓடினது, வழமையா இவ்வளவு நாள் இழுக்கிறேல்லை. 2022 ஓகஸ்ட்ல ஆக்களுக்கு உதவாத கட்டுரையைப் பின்னுக்குத் தள்ள ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் எண்டு தனியா ஒண்டு கொண்டு வந்தவை தெரியுமே, அதை இந்த முறை கோருக்குள்ளயே சேத்துப்போட்டினம். அதோட சேத்து ஸ்பாம் பொலிசியும் மாத்தினவை, தேடுற ஆக்களுக்குப் பிரயோசனம் இல்லாம, ராங்க் எடுக்கிறதுக்கு எண்டு மட்டும் கட்டுக்கட்டாக் கட்டுரை போடுறது அதில நேரடியா வருது, மனுசர் எழுதினாலும் சரி ஏஐ எழுதினாலும் சரி. உங்கட 180 கட்டுரை எண்டதைக் கேட்டோன்ன எனக்கு அதுதான் நினைவு வந்தது, ஆனா பாக்காமல் சொல்லக்கூடாது.

கூகிள் சைட்காரருக்குக் குடுக்கிற சேர்ச் கன்சோலைத் திறந்து மனுவல் ஆக்‌ஷன் எண்ட இடத்தில, கூகிள் ஆக்களே பாத்துப் போட்ட தண்டனை ஏதும் கிடக்கோ எண்டு பாருங்கோ. பேந்து பெர்ஃபோமன்ஸ் ரிப்போர்ட்டில கம்பேர் போடுங்கோ, பெப்ரவரியோட இல்லை, போன வருசம் இதே மாசத்தோட, 16 மாசத் தரவு அதில நிக்கும். சமையல் சைட்டுக்கு சீசன் இருக்கு, முந்தின மாசத்தோட ஒப்பிட்டா அது ஏமாத்திப்போடும். பாத்திட்டு, இடம் இறங்கினதோ இல்லாட்டி இடம் அப்பிடியே நிக்க கிளிக் மட்டும் குறைஞ்சதோ எண்டு சொல்லுங்கோ. இது ரெண்டும் வேற வேற வருத்தம்.

கம்பஸ்_பெடியன் (2024 மே 6)

அக்கா உங்கட சைட்டை ஃபோன்ல திறந்து பாத்தன், முதல் படம் வர சரியா நேரம் எடுக்குது. பெரிய படம் 2.5 செக்கனுக்குள்ள வரவேணும் எண்டுதானே கூகிள் பக்கத்தின்ர வேகத்தை அளக்கிற கோர் வெப் வைட்டல்ஸ்ல சொல்லுறது, மார்ச்சில இருந்து ஐஎன்பி எண்டு புதுசா ஒண்டும் அளக்கினம், தொட்டா 200 மில்லி செக்கனுக்குள்ள பக்கம் அசையவேணும். அதுவா இருக்கலாம், தீம் மாத்திறது நல்லம் எண்டுதான் நினைக்கிறன்.

பருத்தித்துறை_வெப் (2024 மே 7)

தம்பி நீர் சொல்லுறது பிழை இல்லை, படத்தைச் சின்னனாக்கத்தான் வேணும். ஆனா வேகத்தால மட்டும் மூண்டாம் இடத்தில நிண்ட பக்கம் மூண்டாம் பக்கத்துக்குப் போகாது. ரெண்டு பக்கம் உள்ளடக்கத்தில ஒரே அளவு நல்லா இருக்கேக்கதான் வேகம் கொஞ்சம் கை குடுக்கும். இப்ப தீமும் மாத்தினா பிறகு எது உதவினது எது கெடுத்தது எண்டு பிரிச்சுப் பாக்கவே ஏலாது.

கொக்குவில்_அடுப்படி (2024 மே 8)

பாத்தன் அண்ணை. மனுவல் ஆக்‌ஷன் ஒண்டும் இல்லை. போன வருச ஏப்ரலோட பாத்தா இடம்தான் இறங்கியிருக்கு, கூழ் பக்கம் சராசரி 3 இல இருந்து 26. புழுக்கொடியல், கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் அப்பிடித்தான், கனடா, லண்டன் எண்டு வித்தியாசம் இல்லாம எல்லா நாட்டிலயும். அந்த 180 கட்டுரையில 150 க்கு மேல ஒரு கிளிக் கூட வரேல்லை.

சுண்ணாகம்_அச்சகம் (2024 மே 8)

பிள்ளை, நான் எஸ்இஓ படிச்ச ஆள் இல்லை, அச்சகத்தில டைப் செட்டிங் செய்த ஆள், ஆனா ஒண்டு கண்ணில பட்டுது. உங்கட சமையல் குறிப்பில தேவையான பொருள் எல்லாம் படமாப் போட்டிருக்கிறியள், எழுத்தைப் பாத்தா பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சுப் படமாக்கின மாதிரிக் கிடக்கு. நாங்கள் முந்தி ஊர்க் கோயில் ஒண்டுக்கு பாமினியிலயே சைட் செய்தனாங்கள், எங்கட கம்பியூட்டரில வடிவான தமிழ், கூகிளுக்குப் போனது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான், கோயில்ன்ர பெயரைப் போட்டுத் தேடினாலும் வராது. எல்லாக் கம்பியூட்டருக்கும் விளங்கிற யூனிகோட்டுக்கு மாத்தின பிறகுதான் வந்தது. படத்துக்குள்ள இருக்கிற எழுத்தை நம்பி இராதேங்கோ, பயத்தங்காய், பலாக்கொட்டை, செத்தல் மிளகாய் எண்டு எல்லாத்தையும் யூனிகோட்டில பக்கத்திலயே அடியுங்கோ.

பருத்தித்துறை_வெப் (2024 மே 9)

அண்ணை சொன்னது முக்கியம், உடன செய்யுங்கோ. ஆனா படம் முந்தியும் படம்தான், அப்ப மூண்டாம் இடத்தில நிண்டது, ஆனபடியா விழுந்ததுக்குக் காரணம் அது இல்லை.

இரவு இருந்து அந்தக் கொம்பனி போட்டதில ஒரு முப்பது வாசிச்சன். ஒடியல் மா பற்றி ஒரு கட்டுரையில பனங்கிழங்கை அவிச்சுக் காயவைச்சு எடுக்கிறது ஒடியல் எண்டு கிடக்கு. அவிச்சுக் காயவைச்சா அது புழுக்கொடியல் எல்லோ, ஒடியல் எண்டா பச்சையாக் கிழிச்சுக் காயப்போடுறது, இது எங்கட வீட்டுச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இன்னொண்டில கூழுக்குப் பாலும் சீனியும் போடச் சொல்லுது. கூழ் பற்றி மட்டும் ஆறு கட்டுரை, தலைப்பு மட்டும் வேற, உள்ளுக்கு ஒரே சாமான். நீங்கள் எழுதின பக்கத்தில, மாவைத் தண்ணியில ஊறப்போட்டு மேல் தண்ணியை வடிச்சாத்தான் கசப்பு போகும், நண்டை எப்ப போடவேணும், அம்மாட்டக் கேட்டுக் கேட்டு எழுதினது எல்லாம் இருக்கு. அப்பிடி ஒரு பக்கத்தைச் சுத்தி 180 குப்பை. தரமில்லாத பக்கம் ஒரு சைட்டில கனக்க நிண்டா நல்ல பக்கத்தையும் சேத்து இழுக்கும், கூகிளே சொன்ன விசயம் இது. 2011 ல பாண்டா எண்ட கூகிள் அப்டேட் வந்த காலத்தில இருந்து இதே கதைதான், பெயர்தான் மாறினது.

அந்தக் கட்டுரையளை எடுத்து விடுங்கோ, 404 (பக்கம் இல்லை) எண்டு வந்தாலும் பறவாயில்லை. ஒண்டு ரெண்டு உண்மையிலயே பிரயோசனம் எண்டா நீங்களே இருந்து திருப்பி எழுதுங்கோ. அம்மாவும் நீங்களும் ஆர், எங்க இருந்து செய்யிறியள் எண்டு ஒரு பக்கம் வையுங்கோ. ஆனா நாளைக்கே ஏறும் எண்டு பாத்துக்கொண்டு இராதேங்கோ, அடுத்த கோர் அப்டேட் வரைக்கும் அசையாமலும் கிடக்கலாம், மாசக்கணக்கு ஆகும்.

கொக்குவில்_அடுப்படி (2024 மே 9)

கண் கலங்கிட்டுது அண்ணை. காசு குடுத்த ஆத்திரத்தில அதை ஒருக்காவும் முழுசா வாசிச்சுப் பாக்கேல்லை. இண்டைக்கே தொடங்கிறன்.

கொக்குவில்_அடுப்படி (2024 செப்டெம்பர் 24)

மறந்துபோகேல்லை, சொல்லவேணும் எண்டு வந்தனான். 180 இல 174 எடுத்தாச்சு, 6 நானே திருப்பி எழுதினன். பொருள் லிஸ்ட் எல்லாம் யூனிகோட்டில அடிச்சன், அம்மா ஒடியல் இடிக்கிறது, மாவை அரிக்கிறது, தண்ணி வடிக்கிறது எல்லாம் ஃபோன்லயே படமெடுத்துப் போட்டன். யூன், யூலை முழுக்க ஒரு அசைவும் இல்லை, விட்டுப்போடுவம் எண்டு கூட நினைச்சன். ஓகஸ்ட் 15 ல அடுத்த கோர் அப்டேட் தொடங்கி செப்டெம்பர் 3 ல முடிஞ்சது, அதுக்குப் பிறகு கூழ் பக்கம் 8, 9 இல நிக்குது. நல்லூர்த் திருவிழா நேரம் ஊர்ச் சாப்பாடு தேடுற ஆக்கள் கூட எண்டு, அண்ணை சொன்ன மாதிரி போன வருசத்து அதே நாளோடதான் ஒப்பிட்டனான். கிளிக் இன்னும் பாதிதான் வந்திருக்கு, ஆனா போன கிழமை லண்டன்ல இருந்து மூண்டு ஓடர்.

புழுக்கொடியல் பக்கம் இன்னும் அசையேல்லை. தையில கிழங்கு கிண்டேக்க, அவிக்கிறதில இருந்து காயப்போடுறது மட்டும் படமெடுத்து அதையும் புதுசா எழுதப்போறன்.